மூச்சுப் பயிற்சிக் கருவியின் திருகைத் திருப்பும் முன்

நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: “தினமும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன், மேடம்.” கருவியைக் காட்டச் சொன்னால், மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டி பையிலிருந்து வெளியே வரும். அது ஊதுவதற்கான கருவியே அல்ல. வாயால் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். நொடிக்கு 600 மில்லிலிட்டர் வேகத்தில் இழுத்தால் முதல் பந்தும், 900இல் இரண்டாவதும், 1200இல் மூன்றாவதும் எழும்.

மூன்றையும் விருட்டென்று எழுப்புவதை வீட்டில் ஒரு போட்டியாகவே ஆக்கிவிடுகிறார்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடும்போது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகும். அதை விரியச் செய்யவே இந்தப் பெட்டி. ஒரே பந்தை மெதுவாக எழுப்பி, மூன்று நொடி அப்படியே நிறுத்தினால் அடிப்பகுதிவரை காற்று போகும். ஆனால் இதில் தசைக்கு வேலை தரும் அளவுக்குத் தடை இல்லை.

தசையைப் பலப்படுத்தும் கருவி வேறு. அதற்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும். நிர்ணயித்த அழுத்தத்துக்கு மேல் இழுத்தால்தான் வால்வு திறக்கும். வெளிவிடும்போது தடை கிடையாது. உதரவிதானமும் விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகளும் ஒவ்வொரு மூச்சிலும் இந்தச் சுமையைத் தூக்குகின்றன. துளையின் அளவை மாற்றும் விலை குறைந்த கருவிகளும் உண்டு. அவற்றில் மெதுவாக இழுத்தால் தடையும் குறைந்துவிடும் என்பதால், திருகில் தெரியும் எண்ணை நம்பிச் சுமையைக் கணக்கிட முடியாது.

அந்தச் சுமை எவ்வளவு என்பதுதான் என் கவலை. முதலில் உங்களால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் மூச்சை உள்ளிழுக்க முடிகிறது என்று அளக்க வேண்டும். பெரும்பாலும் அதில் 30 சதவீதத்தில் தொடங்குவோம். ஒருவருடைய உச்ச அளவு 60 சென்டிமீட்டர் நீரழுத்தம் (மூச்சின் அழுத்தத்தை அளக்கும் அலகு) என்றால் தொடக்கம் 18. காலையும் மாலையும் 30 மூச்சுகள், இடையிடையே ஓய்வு, வாரத்தில் குறைந்தது ஐந்து நாள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்குப் பொருந்தாது. காணொளியில் வரும் விளையாட்டு வீரரின் எண் நிச்சயமாகப் பொருந்தாது.

கண்ணாடி முன் உட்கார்ந்து செய்யுங்கள். தோள்கள் காதை நோக்கி ஏறினால், கழுத்து நரம்புகள் புடைத்தால், சுமை அதிகம். சிரமத்தைப் பத்துக்கு மதிப்பிட்டால் நான்கு முதல் ஆறு வரை இருக்கலாம். தலை கிறுகிறுத்து, உதட்டோரமும் விரல் நுனியும் மரத்தால், வேகமாக மூச்சு விடுகிறீர்கள் என்று பொருள். கருவியை வைத்துவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். நெஞ்சு வலித்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு ஏற்பட்டவர்கள், சளியில் இரத்தம் வருபவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள், செவிப்பறை கிழிந்தவர்கள், அண்மையில் கண், மார்பு அல்லது வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவர் அனுமதியில்லாமல் தசையைப் பலப்படுத்தும் இந்தக் கருவியைத் தொடக்கூடாது. இணையத்தில் வாங்கும்போது இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

காசநோய் ஆறிய பிறகும் மூச்சுக்குழாய் விரிந்துபோய், சளி தேங்கி அவதிப்படுவோர் நம்மிடையே நிறைய. அவர்களுக்குத் தேவை வெளிமூச்சுக்கான தடை. 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலின் அடிவரை, உள்விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாயை இறக்கிக் குமிழி வர ஊதினாலே சுமார் 10 சென்டிமீட்டர் நீரழுத்தத் தடை கிடைக்கும். பாட்டிலின் வாய் அடைபடக்கூடாது, தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். இதையும் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டே தொடங்குங்கள்.

சிஓபிடி எனும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் கருவி வந்துவிட்டதென்று நடைப்பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. படியேறும்போது வரும் மூச்சிரைப்பைக் குறைப்பதில் நடைக்குத்தான் முதலிடம். ஒழுங்காக நடப்பவருக்குக் கருவி கூடுதல் பலன் தராமலும் போகலாம். மூச்சுத் தசை பலவீனமாக இருப்பது அளவில் தெரிந்தால்தான் நான் அதைப் பரிந்துரைக்கிறேன். இன்ஹேலரையும் கருவிக்காக நிறுத்தக்கூடாது.

ஒரு கருவியை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வாய்ப்பகுதியைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக அலசி, காற்றில் உலர விடுங்கள். அடுத்த முறை சிகிச்சைக்குப் போகும்போது கருவியையும் எடுத்துச் சென்று, பிசியோதெரபிஸ்ட் முன்னால் பத்து மூச்சு செய்து காட்டுங்கள்.