நிறம் மாறும் கண்ணாடியை மலையேற்றும் முன்

"சார், வெயில் வந்தா தானா கறுக்குற கண்ணாடி இருக்காமே, அதையே நாலு பக்கமும் போட்டுடலாம்." குன்னூர்ப் பக்கம் விடுதி கட்டும் ஒருவர் இப்படிக் கேட்டார். கோத்தகிரியில் கிளினிக் கட்டுபவர் கேட்டதும் இதையேதான். கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்பு வடிவமைப்பது என் தொழில். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். சந்தையில் 'ஸ்மார்ட் கிளாஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று பி.டி.எல்.சி. கரண்ட் இருந்தால் தெளிவாக இருக்கும். நின்றால் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். மீட்டிங் அறைக்கும் குளியலறைத் தடுப்புக்கும் நல்லது. வெயிலின் சூட்டை அது பெரிதாகத் தடுக்காது. இன்னொன்றுதான் எலக்ட்ரோகுரோமிக், கரண்ட் கொடுத்தால் கறுத்து வெயிலைத் தடுப்பது. எல்லோரும் கேட்பது இதைத்தான்.

ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் முழுக்க முதல் வகையை மாட்டியிருந்தார்கள், இரண்டாவது வகை என்று நம்பி. ஜூலைக் காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை கண்ணாடி மொத்தமும் வெள்ளைச் சுவர். சரி, வெயில் காலத்திலாவது பயன்பட்டதா என்றால், அதுவும் இல்லை. அவர்கள் கொட்டிய பணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

எலக்ட்ரோகுரோமிக் கண்ணாடியில் தலைமுடியைவிட மிக மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அதில் முக்கியமானது டங்ஸ்டன் ஆக்சைடு. சில வோல்ட் கொடுத்தால் எதிர்ப்புறப் படலத்திலிருந்து லித்தியம் அயனிகள் நகர்ந்து வந்து அதற்குள் புகும். படலம் நீலமாகக் கறுக்கும். மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் அயனிகள் திரும்பிப் போய் தெளிந்துவிடும். டங்ஸ்டன் ஆக்சைடின் இந்தக் குணத்தை எஸ்.கே. தேப் 1969-இல் வெளியிட்டார். போயிங் 787 விமானத்தில் பட்டனை அழுத்தி ஜன்னலை இருட்டாக்குகிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். நல்ல தரக் கண்ணாடி தெளிந்திருக்கும்போது 60 சதவீதம் வரை வெளிச்சத்தை விடும். முழுக்கக் கறுத்தால் 1 சதவீதம்தான். பெரிய கண்ணாடி கறுத்து முடிக்க 10 முதல் 20 நிமிடம் ஆகலாம். குளிரில் இன்னும் மெதுவாக நடக்கும். கரண்ட் போனாலும் இருந்த நிறம் சட்டென்று மாறாது.

விளம்பரத்தில் சொல்லும் லாபம் ஏசி செலவில் வரும் மிச்சம். அது சமவெளிக் கணக்கு. ஊட்டியில் நமக்குச் செலவு ராத்திரி ஹீட்டருக்கு. இரவில் சூடு வெளியே போகாமல் காப்பது நிறம் மாறும் படலம் அல்ல, இரட்டைக் கண்ணாடி, அதாவது நடுவே இடைவெளி விட்டு ஓரத்தை சீல் செய்த இரண்டு கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடியை இரட்டையாக்கினாலே அதன் வழியாகப் போகும் சூடு ஏறத்தாழ பாதியாகிவிடும். காசு குறைவாக இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, திசை. ஊட்டி இருப்பது 11 பாகை வடக்கில். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே 55 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் வடக்குப் பக்கம் 78 பாகையில், கிட்டத்தட்ட தலைக்கு மேல். ஆகவே தெற்குக்கும் வடக்குக்கும் அளவான சன்ஷேடு போதும். கிழக்கே வரும் காலை வெயிலை மலையில் எதற்குத் தடுக்க வேண்டும்? உறைபனி விழுந்த ஜனவரிக் காலையில் அந்த வெயிலுக்காகத்தானே எல்லோரும் காத்திருக்கிறோம். மிஞ்சுவது மேற்கு. மாலை நாலு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து, நேராக மேசைக்கே வந்து கண்ணைக் கூசும். சன்ஷேடு அதைத் தடுக்காது. திரையை இழுத்தால் காட்சி போச்சு. இந்தக் கண்ணாடிக்கு மலையில் வேலை அங்கேதான், அதுவும் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. பருவமழை பிடித்துவிட்டால் மேகமே திரை.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டியதும் உப்பத் தொடங்கும், பார்த்திருப்பீர்கள். இரட்டைக் கண்ணாடிக்கும் அதே கதிதான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 77 அளவுதான். கீழே சீல் செய்த கண்ணாடிக்குள் கீழ்க்காற்று அடைபட்டிருக்கும். மேலே வந்ததும் அது இரண்டு கண்ணாடியையும் வெளியே தள்ளும். அப்படி மாட்டிய ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். எதிரே நின்ற யூகலிப்டஸ் மரத்தின் பிம்பம் நடுவில் வயிறு வீங்கித் தெரிந்தது. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் நடுவில் முட்டி, இரண்டு ஓரமும் ஆடியது. இரண்டாவது மழைக்காலத்தில் சீல் விட்டு, உள்ளே ஈரம் புகுந்து, துடைக்கவே முடியாத மூட்டம் படிந்துவிட்டது.

எலக்ட்ரோகுரோமிக்கில் இது இன்னும் பெரிய நஷ்டம். கறுத்த கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே சூடாகும். அந்தச் சூடு உள்ளே வராமலிருக்க இரட்டைக் கண்ணாடியாகத்தான் செய்வார்கள். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே கட்டடம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். அழுத்தத்தைச் சமன்செய்ய ஓரத்தில் மெல்லிய பிரீதர் டியூப் வைத்து, மேலே வந்தபிறகு மூடுவார்கள். ஆர்கான் நிரப்பிய கண்ணாடிக்கு இது ஒத்துவராது, வாயு வெளியேறிவிடும். உயரத்தைக் கேட்காமலே விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

கிளினிக்காரரிடம் பரிசோதனை அறைக்கு வேண்டாம் என்றேன். நீல வெளிச்சத்தில் நோயாளியின் தோல் நிறம் சரியாகத் தெரியாது. மஞ்சள் காமாலையை டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? காத்திருப்புக் கூடத்தின் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். விடுதிக்காரருக்கும் மேற்குச் சுவர் மட்டும்தான், மற்ற மூன்று பக்கமும் சாதாரண இரட்டைக் கண்ணாடி.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஃபிரேம் வழியாக ஒயர் வரும். மிஸ்ட் இறங்கும் ஊரில் அந்த ஃபிரேமுக்குள் தண்ணீர் நிற்காமல் வடிய ஓட்டை வேண்டும். இணைப்பு அதற்கு மேலே இருக்க வேண்டும். கண்ணாடியை ஆலையில் அளவுக்கேற்பச் செய்து அனுப்புவதால், உடைந்தால் இங்கே வெட்டிப் பொருத்த முடியாது. எனவே வரைபடத்திலேயே எல்லா மேற்கு ஜன்னலையும் ஒரே அளவாக்கிவிட்டு, கூடுதலாக ஒன்றை வரவழைத்து ஸ்டோரில் நிறுத்தி வைக்கச் சொன்னேன். படுக்கவைக்காமல்.