அமெச்சூர் என்னும் சொல்லும் விழைஞரும்

‘அமெச்சூர்’ என்ற சொல் விளையாட்டுச் செய்திகளில் பணம் பெறாமல் ஆடுபவரைக் குறிக்கிறது. ‘அமெச்சூர்த்தனமான வேலை’ என்னும்போது கைதேராமையைக் குறிக்கிறது. மூலத்தில் இவ்விரு பொருளும் இல்லை. அன்பு செய்தலைக் குறிக்கும் ‘அமாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து, அன்பு செய்பவர் என்ற பொருளில் ‘அமாத்தோர்’ பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தை அடைந்தபோது, கலையை நேசித்துச் சுவைப்பவரையே குறித்தது.

பின்னர் இங்கிலாந்தில் இச்சொல்லின்மேல் வர்க்க வேறுபாடு ஏறிக்கொண்டது. கிரிக்கெட் ஆட்ட அட்டைகளில் அமெச்சூரின் முதலெழுத்துகளைப் பெயருக்கு முன்னும், ஊதியம் பெறுபவருடையவற்றைப் பெயருக்குப் பின்னும் அச்சிடும் வழக்கம் இருந்தது. 1962 இறுதியில்தான் அங்கு இப்பிரிவினை கைவிடப்பட்டது.

நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்தும் எறிந்தும் கோல் போடும் லக்ராஸ் ஆட்டத்தில் கதை வேறு. 1876இல் தொடங்கிய ஸ்டாக்போர்ட் கழகம் போன்ற வட இங்கிலாந்துக் கழகங்களில் 1950களில் ஆடியவருக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. வாரநாள்களில் வேறு வேலை பார்த்தவர் அவர். கழகச் சந்தாவும் அவர் கையிலிருந்துதான் போயிற்று. ஹிக்கரி மரத்தை ஆவியில் வளைத்து, தோல்வாரும் நரம்பும் கோத்துச் செய்த மட்டையே அன்று புழக்கத்தில் இருந்தது. குளிர்கால மழையில் ஆடினால் அதன் வலை நனைந்து தொய்ந்துவிடும். அதை உலர்த்தி, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி, பந்து நிற்கும் ஆழத்தைச் சரிபார்த்தால்தான் அடுத்த ஆட்டத்துக்கு உதவும். 1948 ஒலிம்பிக்கின்போது வெம்ப்ளியில் நடந்த காட்சி ஆட்டத்தில், அமெரிக்கக் கல்லூரி அணியொன்றுடன் 5–5 என்று சமன் செய்த இங்கிலாந்து அணியும் அமெச்சூர் அணிதான்.

இத்தகையவரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கத்துக்குட்டி’ அவரைச் சிறுமைப்படுத்தும் பிழை. நாடக வரலாற்றில் நிலைபெற்ற ‘பயில்முறை’ நல்ல சொல்லே என்றாலும், இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்ற தோற்றத்தைத் தருகிறது. ‘தொழில்சாரா’ என்பது விதிமுறை எழுதுவோருக்குப் பொருந்தும். ஆனால் ஊதிய ஆட்டக்காரரே இல்லாத இத்தகைய கழகங்களில், இல்லாத ஒருவரை மறுத்து இவரை ஏன் அடையாளப்படுத்த வேண்டும்?

வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கியது ‘ஆர்வலர்’. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்ற குறளில் அச்சொல் அன்புடையவரையே குறிக்கிறது. ஆயினும் இன்று ‘லக்ராஸ் ஆர்வலர்’ என்றால், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவரே நினைவுக்கு வருவார். எனவே ‘விழைஞர்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘விழை’ என்பது விரும்புதல். செயலையே விரும்புபவனை வள்ளுவர் ‘வினைவிழைவான்’ என்கிறார். ‘லக்ராஸ் விழைஞர்’ என்று எழுதினால் நேசமும் ஆட்டமும் ஒருங்கே வந்துவிடுகின்றன. ‘விழைஞர் அணி’, ‘விழைஞர் கழகம்’ என்ற தொடர்களும் இடறலின்றி அமைகின்றன.