வெட்ட வெட்டப் புல்தரை அடர்வது ஏன்?

இளம் மரக்கன்று ஒன்றின் நுனியை ஆடு கடித்துவிட்டால், அந்தத் தண்டு மேற்கொண்டு உயர்வதில்லை. பக்கக் கிளை விட்டுத்தான் கன்று மீள வேண்டும். அதே ஆடு மேய்ந்த புல்லோ சில நாட்களில் பழைய உயரத்தை எட்டிவிடுகிறது. புல்லின் குருத்து, பூக்கும் பருவம் வரும்வரை, மண்ணை ஒட்டி இலையுறைகளுக்குள் ஒடுங்கியிருப்பதே இதற்குக் காரணம். ஒவ்வோர் இலையும் தன் அடிப்பகுதியிலுள்ள, புதிய செல்களை உண்டாக்கும் இடை ஆக்குத்திசுவால் கீழிருந்து மேலே தள்ளப்பட்டு நீள்கிறது. ஆகவே கத்தி நீக்குவது இலையின் முதிர்ந்த நுனியைத்தான். வளரும் இடம் பத்திரமாக இருக்கிறது.

வெட்டியபின் தரையருகே வெளிச்சம் கூடுகிறது. நிமிர்ந்து வளரும் தண்டுகளின் நுனி வெட்டுப்பட்டால், அங்கிருந்து இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கிவைத்திருந்த ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் குறைகிறது. உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்து, நெற்பயிரைப் போலவே புல்லும் தூர் கட்டுகிறது. அடர்ந்த புல்லின் நிழலில் களைவிதைகள் முளைப்பது கடினம். நெடிதுயர்ந்து வளரும் களைகளோ, குருத்து மேலே இருப்பதால், வெட்டுக்குத் தாங்குவதில்லை.

உலகின் வெப்பப் பகுதிகளில் விளையாட்டுத் திடல்களை மூடியிருக்கும் ‘பெர்முடா புல்’ வேறொன்றுமன்று, நம் அருகம்புல்தான். “ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி” என்று மணமக்களை வாழ்த்துவோரும் அதன் வேரைத்தான் போற்றுகிறார்கள். தவறாக வெட்டினால் முதலில் நலிவதும் அந்த வேரே. இலை குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறைகிறது. எஞ்சிய உணவை இலையை மீண்டும் எழுப்பச் செலவிடும் புல், வேரைப் பட்டினி போடுகிறது. அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த பிராங்க்ளின் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலைத்தொகுதியில் பாதியோ அதற்கு மேலோ ஒரே முறையில் நீக்கப்பட்டபோது, பெரும்பாலான புல்வகைகளில் வேர்வளர்ச்சி சில காலம் நின்றேபோனது.

ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது என்ற விதி இதையொட்டியதே. 4 செ.மீ. உயரம் வேண்டுமென்றால், புல் 6 செ.மீ. ஆகும்போதே வெட்டிவிட வேண்டும். எனவே இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நாட்காட்டியைப் பார்த்து வெட்டுவதைவிட, புல்லின் உயரத்தைப் பார்த்து வெட்டுவதே சரியானது: மழைக்காலத்தில் அடிக்கடி, வறட்சியில் எப்போதாவது. விடுமுறைக்குப் போய்த் திரும்புவதற்குள் 12 செ.மீ. வளர்ந்துவிட்டதா? சில நாள் இடைவெளி விட்டு, படிப்படியாக இறக்குவதே முறை.

கத்தியின் கூர்மையும் முக்கியம். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரில் எட்வின் பட்டிங் 1830இல் உருவாக்கிய முதல் புல்வெட்டும் இயந்திரம், கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. அதன் உருளைக் கத்திகள் கத்தரிக்கோலைப் போல நறுக்கின. இன்று பரவலாக உள்ள சுழல்கத்தி வேகத்தால் மட்டுமே வெட்டுவதால், மழுங்கினால் நறுக்காமல் கிழிக்கிறது. கிழிந்த நுனி ஈரம் இழந்து வெளுக்கிறது; பூஞ்சைக்கும் அது வாசல்.

வெட்டிய துணுக்குகளை வாரிக் கொட்டுவது வீண்செலவு. அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் நீர். எஞ்சியதில் தழைச்சத்து நிறைய உண்டு. உரிய உயரத்தில் வெட்டிய குட்டைத் துணுக்குகள் புல்லிடையே விழுந்து விரைவில் மட்கிவிடும். காலம் தாழ்த்தி வெட்டிய நீண்ட துணுக்குகளோ மேலே குவியலாகத் தங்கி, அடியிலுள்ள புல்லை மஞ்சளாக்கிவிடும். அவற்றை மட்டும் அள்ளிக் குப்பைக்குழியில் போடலாம்.