கேம் நடுவில் லேப்டாப் ஏன் அணைந்துபோகிறது?

கேம் ஆடும்போது சிப்பின் வெப்பநிலை 95 டிகிரி என்று காட்டினால் பலரும் பதறிவிடுகிறார்கள். அதுவே திரை பட்டென்று கறுத்து லேப்டாப் அணைந்துபோனால், ‘சூடாயிடுச்சு’ என்று சொல்லிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி ஆட உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

சிப்புக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அந்த ஆற்றல்தான் சூடாக மாறுகிறது. இணையத்தில் எதையாவது படிக்கும்போது சிப் அவ்வப்போது ஒரு நொடி துள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். கேமில் ஓய்வே கிடையாது. பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே நேரத்தில், மணிக்கணக்காக உழைக்கின்றன. கேமிங் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்து 150 வாட் இழுப்பது சாதாரணம். பல மாடல்களில் இரண்டுக்கும் ஒரே செம்புக் குழாய்கள்தான் பொது.

அந்தக் குழாய்களைத்தான் ஹீட் பைப் என்கிறார்கள். பார்க்கக் கெட்டியான செம்புப் பட்டை போலிருக்கும், ஆனால் உள்ளே வெற்றிடம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி தண்ணீரை மட்டும் விட்டு அடைத்திருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் 100 டிகிரிக்கு வெகு கீழேயே அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். சிப்பின் பக்கம் ஆவியாகி, மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து நீராகி, சுமந்து வந்த வெப்பத்தை அங்கே இறக்கிவிடும். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி பட்டால் கை அப்படிச் சுடுவதும் இதனால்தான்: ஆவி நீராக மாறும்போது கிராமுக்குச் சுமார் 2,300 ஜூல் வெப்பத்தைக் கொட்டுகிறது. அதே ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஆறும்போது வெளிவிடுவது வெறும் 4.2 ஜூல். குளிர்ந்த நீர், குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை விசையால் தானாகத் திரும்பி வருகிறது. மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளிக் கருவிகளை மனதில் வைத்துச் செய்து காட்டியது இன்று நம் மடியில் இருக்கிறது.

குழாயின் மறுமுனையில் மெல்லிய உலோகத் தகடுகள், அவற்றின் மேல் காற்றை ஊதும் ஃபேன். ஃபேனால் அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஏசி அறையில் 25 டிகிரி, மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் 38 டிகிரி என்றால், அந்த 13 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே சிப்பின் மேல் ஏறும். டிசம்பரில் ஒழுங்காக ஓடிய கேம் சித்திரையில் திணறுவதில் மர்மம் ஒன்றும் இல்லை.

சரி, சூடு எல்லை மீறினால்? சிப்புக்குள்ளேயே வெப்ப உணரிகள் இருக்கின்றன. இன்டெல்லின் பல லேப்டாப் சிப்களுக்கு வரம்பு 100 டிகிரி, ஏஎம்டியின் பலவற்றுக்கு 95. வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். கேம் விக்கி விக்கி ஓடும், ஆனால் அணையாது. இது கோளாறே அல்ல. மெல்லிய லேப்டாப்களை இதை நம்பித்தான் வடிவமைக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காமல் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போனால் மட்டுமே கடைசிக் காவல் செயல்படும். விண்டோஸிடம் கேட்காமல் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டிக்கும்.

ஆக, சூட்டால் அணைந்தது என்றால் முதல் காவல் தோற்றுவிட்டது என்று அர்த்தம். ஃபேன் நின்றிருக்கலாம். சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையே தொடர்பு விட்டிருக்கலாம். அல்லது சூடானது சிப்பாகவே இல்லாமல், அதற்கு மின்சாரம் தரும் சுற்றாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: காரணம் வெப்பமே இல்லாமல் இருக்கலாம். இரண்டு சிப்களும் ஒன்றாகத் துள்ளும்போது சார்ஜரால் ஈடுகொடுக்க முடியாவிட்டால் பேட்டரி கைகொடுக்க வேண்டும். பேட்டரி தேய்ந்திருந்தால் அங்கேயே கதை முடிந்தது. கேம் திறந்த ஒரு நிமிடத்துக்குள், லேப்டாப்பின் உடம்பு சுடும் முன்பே அணைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சார்ஜரையும் பேட்டரியையும்தான். பதினைந்து இருபது நிமிடம் கழித்து அணைந்தால் வெப்பம். விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருந்தால் ‘முறையாக அணைக்கப்படவில்லை’ என்று மட்டுமே பொருள். 86 என்று இருந்தால் வெப்பத்தால் அணைந்தது என்றே பதிவாகியிருக்கும். ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைக் கோப்பில் பதியவிட்டு ஆடினால், அணைவதற்கு முந்தைய கடைசி வரி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெப்பம்தான் என்று உறுதியானால் முதலில் தூசி. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே அது கம்பளி போலப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அடிமூடியைக் கழற்ற வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தாறுமாறான வேகத்தில் சுற்றிக் கெட்டுப்போகலாம். அடுத்தது தெர்மல் பேஸ்ட். வழவழப்பாகத் தெரியும் உலோகத்திலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு, அவற்றில் காற்று தங்கும்; காற்றைவிடச் செம்பு பத்தாயிரம் மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பும் செம்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் அது கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடுகிறது. பழகாதவர்கள் சர்வீஸ் கடையில் மாற்றிக்கொள்வது நல்லது.

காசு செலவில்லாத வழி கேமின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. சிப் செலவழிக்கும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். இரண்டையும் 10 சதவீதம் குறைத்தால் 0.9-ஐ மூன்று முறை பெருக்கிய கணக்கு: அந்தச் செலவில் சுமார் 27 சதவீதம் மிச்சம். நொடிக்கு 60 ஃபிரேம் போதும் என்று வரம்பு வைத்தாலே சிப் கீழிறங்கி வேலை செய்யும். கூலிங் பேட் வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் காற்று அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மெத்தையில் வைத்து ஆடினால் அந்தத் துளைகள் அடைபட்டுவிடும்.

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி உப்பியிருந்தாலோ இதெல்லாம் பிறகு. உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பை அழுத்தாமல் குத்தாமல் கடைக்குக் கொண்டுபோய் மாற்றியபின்தான் கேம்.