பிரீமியக் கணக்கில் பிழை நேர்ந்தால் கார் இன்சூரன்ஸுக்கு யார் பொறுப்பு?

காருக்கு இன்சூரன்ஸ் கட்டியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, நான்கு மாதம் கழித்து, பிரீமியம் கணக்கில் வரவாகவில்லை என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து ஒத்துப்போகாமல் காசோலை திரும்பியிருக்கலாம். ஏஜென்ட் வாங்கிய பணம் அவரிடமே தங்கியிருக்கலாம். வண்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறி, சேலத்து வண்டிக்குக் கட்டிய பணம் வேறொரு வண்டியின் பேரில் ஏறியிருக்கலாம். பணம் கட்டியவரின் பார்வையில் மூன்றும் ஒன்றுதான் என்றாலும், சட்டத்தின் பார்வையில் மூன்றுக்கும் விடை வேறு வேறு.

1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64-விபி பிரிவுதான் இதற்கெல்லாம் அடிப்படை. பிரீமியம் கைக்கு வந்து சேராமல், அல்லது சட்டம் ஏற்கும் உத்தரவாதமோ வைப்புத்தொகையோ இல்லாமல், எந்த நிறுவனமும் ஒரு வண்டியின் பொறுப்பை ஏற்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஆயுள் காப்பீட்டில் இருப்பதுபோன்ற சலுகை நாட்கள் வாகனக் காப்பீட்டில் கிடையாது. பாலிசி முடியும் தேதியின் நள்ளிரவோடு பாதுகாப்பும் முடிந்துவிடும்.

பலரும் அறியாத செய்தி ஒன்று அதே பிரிவுக்குள் இருக்கிறது. நிறுவனத்தின் சார்பில் பிரீமியம் வாங்கும் ஏஜென்ட், தமக்குரிய கமிஷனைக் கழிக்காமல் முழுத் தொகையையும், வங்கி, அஞ்சல் விடுமுறைகள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்திடம் செலுத்தவோ அஞ்சலில் அனுப்பவோ வேண்டும். ஆகவே செவ்வாய்ப்பேட்டையில் ஏஜென்ட் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரசீதை வாங்கிக்கொண்டவர், பணம் உள்ளே போய்ச் சேரவில்லை என்ற பதிலுக்கு அடங்கிப்போக வேண்டியதில்லை. அவர்களுக்குள் இருக்கும் கணக்கை அவர்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரசீது இல்லாமல், தெரிந்தவர்தானே என்று நோட்டுகளை எண்ணிக் கொடுத்தவரின் வழக்கு அவ்வளவு எளிதாக நிற்காது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏஜென்டா, புரோக்கரா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் ஏஜென்ட் நிறுவனத்தின் ஆள். புரோக்கர் சட்டப்படி வாடிக்கையாளரின் பிரதிநிதி.

யுபிஐ வழியாகக் கட்டும்போது கணக்கில் பணம் கழிந்தும் நிறுவனத்துக்கு உறுதிச் செய்தி போகாமல் நின்றுவிடுவது உண்டு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, வணிகருக்குச் செலுத்திய பணம் இப்படிச் சிக்கினால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பணம் திரும்பியது என்றால் பாலிசி பிறக்கவில்லை என்று பொருள். சில நாள் கழித்துப் பணம் திரும்பிவந்த குறுஞ்செய்தியைக் கவனிக்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால், அதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

பாலிசி கைக்கு வந்தபிறகு காசோலை திரும்பிய வழக்குகளில்தான் சட்டம் நுட்பமாகிறது. அங்கே இழப்பு யாருடையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மோதலில் நசுங்கியது நம் சொந்தக் கார் என்றால், கேள்வி நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பற்றியது. பிரீமியம் தராதவர் அந்த ஒப்பந்தத்தின் பலனைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் தீர்ப்பளித்தது. அடிபட்டது சாலையில் போன மூன்றாம் நபர் என்றால் நிலைமை தலைகீழ். பணம் வரும் முன்பே பாலிசியை எழுதிக்கொடுத்தது நிறுவனம்தான் என்பதால், காசோலை திரும்பியதைக் காட்டி அது பாதிக்கப்பட்டவரிடமிருந்து நழுவ முடியாது என்று 1997 டிசம்பரில், ஒரு பேருந்து விபத்து வழக்கில், அதே நீதிமன்றம் சொன்னது.

ஆனால் பாலிசியை முறையாக ரத்து செய்து, உரிமையாளருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் விபத்துக்கு முன்பே தெரிவித்திருந்த ஒரு வழக்கில், சட்டப்படி நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று 2007-ல் முடிவானது. ரத்துத் தகவல் விபத்துக்கு முன் உரிமையாளரைச் சென்றடைந்ததா என்பதே அளவுகோல் என்று 2012-ல் வந்த தீர்ப்பு இதை நிலைநிறுத்தியது. அப்படிச் சென்றடையாத நிலையில் நிறுவனம் மூன்றாம் நபருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைக் கார் உரிமையாளரிடம் கேட்டு வரவும் வழியுண்டு. எனவே நிறுவனத்தின் கடிதம் அஞ்சலில் வரும்போது வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எதுவும் தள்ளிப்போகாது. ஏற்காட்டுத் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு பாலிசியில் அஸ்தம்பட்டியின் பழைய வாடகை வீட்டு முகவரியை விட்டு வைத்திருப்பவர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவாவது முகவரியை மாற்றிவிட வேண்டும்.

நிறுவனமே தொகையைக் குறைத்து எழுதிவிடுவது இன்னொரு வகைப் பிழை. தனியார் காருக்கான ஓராண்டு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் முதல் 1,000 சிசி வரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதையும் தாண்டினால் 7,897 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது; இதற்குமேல் ஜிஎஸ்டி தனி. ஆர்.சி. புத்தகத்தைச் சரியாகக் காட்டியும் அலுவலகத்தில் 1,500 சிசிக்கு மேற்பட்ட வண்டியைக் கீழ்ப்பிரிவில் பதிந்துவிட்டால், மீதித் தொகையை நிறுவனம் கேட்கலாம்; கேட்டால் கட்டுவதே முறை. அதற்காக அன்றுவரை பாலிசியே இல்லை என்று அது சொல்ல முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே, அதுவும் குறைந்தது 7 நாள் அறிவிப்புக் கொடுத்தே, நிறுவனம் பாலிசியை ரத்து செய்யலாம் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையின் நிலை. முந்தைய ஆண்டு கிளைம் வாங்கியதை மறைத்து, கிளைம் வாங்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸை எடுத்தவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அந்தப் பிழை அவருடையது.

கடிதம் வந்த அன்றே செய்ய வேண்டியது, அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைக் கொடுத்து இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை இருக்கிறதென்று பார்ப்பது. இல்லை என்று தெரிந்தால், தவறு யாருடையதாக இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவில் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம் உண்டு, மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அடிவாரச் சோதனையில் நிற்கும் காவலரிடம் பில்லிங் பிழையை விளக்கிப் பயனில்லை. புதிதாக எடுக்கும் பாலிசி அன்றிலிருந்துதான் செல்லும், விட்டுப்போன நாட்களை அது மூடாது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதானால் வண்டியை ஆய்வு செய்வார்கள். இடைவெளி 90 நாளைத் தாண்டினால், சேர்த்து வைத்திருந்த நோ கிளைம் போனஸ் போய்விடும். நிறுவனத்தின் பிழையால் போனது என்றால், புகாரில் அந்த இழப்பையும் தொகையாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, ரசீது நகலும் வங்கிக் கணக்கு அறிக்கையும் இணைத்து, எழுத்தில் அனுப்ப வேண்டும். 155255 என்ற எண்ணிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். சேலத்திலேயே முடித்துக்கொள்ள விரும்புபவர்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். ஆனால் அங்கே மனு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ளமாட்டார் என்பதால், செலவில்லாத சென்னை வழியை முதலில் முயன்றுவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதே, என் கருத்தில், சரியான வரிசை.