பிரிட்டனில் கருமருந்து ரிவால்வர் சுட விரும்புவோர் கவனிக்க

ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் நடந்த பள்ளிப் படுகொலையை அடுத்து, 1997-இல் வந்த சட்டங்கள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தபோது, தோட்டா இல்லாமல் உதிரிக் கருமருந்தையும் (பழங்காலக் கரிய வெடிமருந்து) தனி ஈயக்குண்டையும் சிலிண்டர் அறையின் வாய்வழியே இட்டுக் கெட்டிக்கும் பழைய பாணி ரிவால்வர்களுக்கு விலக்கு அளித்தன. விலக்கு என்றதும் அனுமதியே வேண்டாம் என்று நம்பி மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய பாணி ரிவால்வர்களில் ஒன்றான 1858 ரெமிங்டனின் புதிய நகலுக்கும் காவல்துறை தரும் துப்பாக்கிச் சான்றிதழ் கட்டாயம். பாட்டனார் விட்டுச்சென்ற அசல் பழம்பொருளை அலங்காரமாக வைத்திருக்கச் சான்றிதழ் தேவையில்லை. அதைச் சுடுவதற்கென்று வைத்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

சான்றிதழ் கேட்க வலுவான காரணம் காட்ட வேண்டும். அதற்கு அரசு அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிச் சுடும் கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருந்து முழு உறுப்பினராவதே வழி. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரைஃபிளுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற கிளப்பில் எத்தனை மாதம் கழித்தாலும் இந்த ரிவால்வருக்கு அது உதவாது. ஆகவே சந்தா கட்டுவதற்கு முன்பே, வாய்வழி நிரப்பும் கைத்துப்பாக்கி அந்த அங்கீகாரத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த அலைச்சல் மருத்துவச் சான்று. அது இல்லாமல் காவல்துறை விண்ணப்பத்தை நகர்த்தாது. குடும்ப மருத்துவரோ எழுதித்தர மறுக்கலாம், கேட்கும் கட்டணத்துக்கும் வரம்பு கிடையாது. இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்டும்போது காத்துக் கிடப்பவர் விண்ணப்பதாரர்தான். மறுப்பு வந்தால் அதை எழுத்தில் பெற்று, மருத்துவப் பதிவின் நகலுடன் தனியார் மருத்துவரை அணுகுங்கள்.

கருமருந்துக்கு வெடிபொருள் சான்றிதழ் தனி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ரிவால்வரை வாங்கிவிட்டு, மருந்து வாங்க வழியில்லாமல் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவரை நான் அறிவேன். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள். வந்த வெடிபொருள் சான்றிதழில் "வாங்க" என்று மட்டும் இருக்கிறதா, "வாங்கி வைத்திருக்க" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்; முதல் வகையில் மருந்தை வீட்டில் வைக்க முடியாது.

தோட்டா போடும் மாற்றுச் சிலிண்டரைப் பொருத்தினால் அதே ரிவால்வர் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஐந்தாண்டுச் சிறை. விற்பவர் என்ன சொன்னாலும் அதைத் தொடாதீர்கள்.

துப்பாக்கிச் சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். முடியும் தேதிக்கு எட்டு வாரத்துக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தால்தான், அலுவலகம் தாமதித்தாலும் பழைய சான்றிதழ் மேலும் எட்டு வாரம் வரை செல்லுபடியாகும். பிந்தினால், தாமதம் அவர்களுடையதாக இருந்தாலும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியவர் நீங்கள்தான்.