ஜெனீவாவில் இறாலை நிறுக்க மாட்டார்கள்

தொண்டிக்குத் தெற்கே உப்பூர்ப் பக்கம் சித்தப்பாவுக்கு இரண்டு இறால் குட்டை. பிடிப்பு என்றால் விடியுமுன்னே ஐஸ் வண்டி வந்து நிற்கும். இறாலுக்கு விலை எடையில் மட்டும் இல்லை, கவுண்டிலும் இருக்கிறது. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். 30 என்றால் பெரிசு, நல்ல விலை. 60 என்றால் பொடிசு.

போன வருஷம் 40 கவுண்டுக்குப் பேசி முடித்திருந்தார். வியாபாரியின் ஆள் இரண்டு கூடையில் மாதிரி எடுத்தான். முதல் கூடையில் 44. "நாலு கூடுதுண்ணே" என்று குறித்துக்கொண்டான். அடுத்ததில் 36. "சரி, இதை 40ன்னே வச்சுக்குவோம்" என்றான். இரண்டையும் கூட்டி வகுத்து 42 கவுண்டுக்குக் காசு. ஒழுங்காகக் கூட்டினால் 40 வந்திருக்கும். சித்தப்பாவுக்கு இது உறைத்தபோது வண்டி கிளம்பிவிட்டது.

இதே தில்லுமுல்லுக்கு உலக வர்த்தகத்தில் 'ஜீரோயிங்' என்று பெயர். அங்கே இதைச் செய்தவர்கள் அரசு அதிகாரிகள்.

உள்ளூரில் விற்கும் விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் தள்ளிவிட்டால் அது டம்பிங். உள்ளூரில் போதிய விற்பனை இல்லையென்றால் மூன்றாவது ஒரு நாட்டில் விற்ற விலையையோ, உற்பத்திச் செலவோடு லாபம் சேர்த்த தொகையையோ வைத்து ஒப்பிடுவார்கள். விலை குறைவு என்பது மட்டும் போதாது. அதனால் தங்கள் நாட்டுத் தொழில் அடிபட்டது என்றும் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அந்த வித்தியாசம் வரைக்கும் வரி போடலாம். 2005 பிப்ரவரியில் அமெரிக்கா ஆறு நாட்டு இறாலுக்கு இப்படி வரி போட்டது. தனியாக விகிதம் கணக்கிடப்படாத இந்திய நிறுவனங்களுக்கு 10.17 சதவீதம். (2025இல் இந்தியப் பொருள்கள்மேல் ஏறிய 50 சதவீத வரி வேறு கதை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

ஜீரோயிங் எப்படி வேலை செய்கிறது? உள்ளூர் விலை கிலோ 400 ரூபாய் என்று வையுங்கள். ஏற்றுமதியில் ஒரு கிலோ 380க்கும் இன்னொரு கிலோ 420க்கும் போகிறது. கூட்டிப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆனால் அதிகாரி 380இல் உள்ள 20 ரூபாயைக் குறித்துக்கொள்கிறார், 420இல் உள்ள 20 ரூபாயைப் பூஜ்ஜியம் ஆக்கிவிடுகிறார். 800 ரூபாய் சரக்கில் 20 ரூபாய் டம்பிங், அதாவது 2.5 சதவீதம். 2 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வழக்கையே கைவிட வேண்டும் என்பது விதி. இல்லாத குற்றம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, பாருங்கள்.

இதை எதிர்த்து எங்கே போவது? வரி போட்ட நாட்டின் நீதிமன்றம் ஒரு வழி. ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பு இன்னொன்று. அங்கே பண்ணைக்காரரோ கம்பெனியோ வழக்குப் போட முடியாது, அரசுதான் போட வேண்டும். முதலில் 60 நாள் பேச்சுவார்த்தை. ஒத்துவராவிட்டால் வழக்கமாக மூன்று பேர் கொண்ட நடுவர் குழு. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலொழிய வழக்காடும் நாட்டவர் அதில் உட்கார முடியாது.

"அங்க போனா நம்ம ரேட்டை ஏத்திக் குடுப்பாகளா?" என்றார் சித்தப்பா. மாட்டார்கள். அவர்கள் இறாலை மறுபடி நிறுப்பதில்லை, நிறுத்தவன் நோட்டைத்தான் பார்ப்பார்கள். அந்த அமைப்பின் டம்பிங் தடுப்பு ஒப்பந்தத்தில் 17.6ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. அதிகாரி உண்மைகளை முறையாகத் திரட்டி, பாரபட்சமில்லாமல் எடைபோட்டிருந்தால், நடுவருக்கே வேறு அபிப்பிராயம் இருந்தாலும் கலைக்கக் கூடாது. விதியின் வாசகத்துக்கு இரண்டு அர்த்தம் நியாயமாகவே பொருந்தினால், அதில் அதிகாரி எடுத்துக்கொண்ட அர்த்தம் நிற்கும்.

இவ்வளவு சலுகை இருந்தும் ஜீரோயிங் தப்பவில்லை. இந்தியாவின் பருத்திப் படுக்கை விரிப்புகளுக்கு ஐரோப்பிய யூனியன் போட்ட வரியை எதிர்த்த வழக்கில், நடுவர் குழுவுக்கு மேலே இருக்கும் மேல்முறையீட்டு அமைப்பு 2001இல் அதை முறித்தது. டம்பிங்கைச் சரக்கு முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், பாதியை மறைத்துவிட்டு அல்ல. அப்புறம் 2007இல் இறாலுக்காக எக்வடோர் போய் ஜெயித்தது. அந்த வழக்கில் ஜீரோயிங் செய்ததை அமெரிக்கா மறுக்கவே இல்லை. மறுபடி கணக்குப் போட்டதில் அந்த நாட்டு இறால்மேல் இருந்த வரி அதே வருஷம் போனது.

இறாலில் நம் நாட்டு வழக்கு ஜீரோயிங் பற்றியது அல்ல, பாண்டு பற்றியது. வரிக்கு முன்பணமும் கட்டிவிட்டு, போன 12 மாத இறக்குமதி மதிப்பில் வரி விகிதத்துக்கு ஈடான தொகைக்குப் பிணைப் பத்திரமும் கொடுக்கச் சொன்னது அமெரிக்கச் சுங்கத்துறை. ஒரு கோடிக்கு இறால் இறக்கியிருந்தால் பத்து லட்சத்துக்குப் பாண்டு கொடுக்க வேண்டும். 2006 ஜூனில் இந்தியா புகார் கொடுத்தது. பிணை கேட்பது தவறில்லை, ஆனால் வரி விகிதம் ஏறும் என்று காட்டாமல் இவ்வளவு கேட்பது நியாயமில்லை என்று 2008 ஜூலையில் மேல்முறையீட்டிலும் தீர்ப்பானது. நிபந்தனை நீங்கியது 2009இல். குட்டையில் ஒரு வெள்ளாமைக்கு நாலு மாசம் போதும். தீர்ப்பும் இனிமேலைக்குத்தான், போன காசு திரும்பாது.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் தங்களுக்குள் வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன. அங்கே ஐந்து பேர் குழு. அது சர்வதேச ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை, வரி போட்ட நாடு தன் சொந்தச் சட்டப்படி நடந்ததா என்றுதான் பார்க்கும். கம்பெனிகளே அங்கே வாதாடலாம் என்பதால் எனக்கு அதுதான் மேல் என்று படுகிறது. ஜெனீவாவிலோ 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பில் வழக்கை விசாரிக்கப் போதிய ஆளில்லை. புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா மறித்துவிட்டது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால் வழக்கு அந்தரத்தில் தொங்கும்.

இந்தப் பிடிப்புக்கு சித்தப்பா நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஆறு கூடை மாதிரி. ஒவ்வொன்றையும் அவரே எழுதினார், அந்த ஆளும் கையெழுத்துப் போட்டான். கூட்டி ஆறால் வகுத்தபோது 41 வந்தது. ஒரு கவுண்ட் குறைச்சல் விலைதான். சித்தப்பா பேசாமல் காசை எண்ணி வாங்கிக்கொண்டார்.